இருக்குமிடம் தெரியவில்லை

வேதாவைப் பெண் பார்க்க வந்தவனுக்கு ஏற்கனவே ஒரு கல்யாணம் நடந்து விவாகரத்தும் ஆகியிருக்கிறது என்று தெரிந்ததும், அவள் அப்பா சுப்பன் யோசித்துச் சொல்கிறோம் என்று வந்தவர்களை மரியாதையாக அனுப்பிவைத்தார். வேதாவுக்கு அப்போது இருபத்தொன்பது முடிந்திருந்தது. செவ்வாய் தோஷம் என்று தட்டிப்போன வரன்களைப் பற்றி வீட்டில் பேசுவதையே விட்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் அவள் வேலை பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் கண்ணாடி அறைக்குள் நின்று தங்கள் ஊருக்குப் பேசி அழுவதையும் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குப் பாதி நாள். வந்திருப்பவன் இரண்டாம் தாரமாகக் கேட்கிறான் என்பதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. கேட்டானே என்றுதான் இருந்தது.

வந்தவன் சக்திவேல், வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். எதையும் மறைக்காதவன் போலத்தான் பேசினான்.

"எனக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆச்சுங்க. அவ வேற ஒருத்தனோட போயிட்டா. எங்க இருக்கான்னு கூடத் தெரியாது. கோர்ட்ல முறையா விவாகரத்து வாங்கிட்டேன்" என்று சொல்லி, கோர்ட் முத்திரை குத்திய தீர்ப்பு நகலைத் தானே எடுத்து வைத்தான்.

சுப்பன் அந்த நகலை வாங்கிக்கொண்டு, தன் நிலத் தகராறு வழக்கை நடத்திக் கொடுத்த வக்கீல் கோதண்டராமனிடம் போனார். வேதாவும் கூடப் போயிருந்தாள். வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எக்ஸ்பார்ட்டி தீர்ப்புங்க சுப்பன். அந்தப் பொண்ணு இருக்குமிடம் தெரியலன்னு இவர் சொல்லியிருக்கார். பழைய வூட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, பேப்பர்லயும் போட்டிருக்காங்க. அவ வரலை. இவர் சொன்னதை மட்டும் வெச்சு முடிச்சிட்டாங்க."

"செல்லுமா?"

"தொண்ணூத்தி நாலுல கொடுத்தது. ரெண்டு வருஷம் ஆவுது, அப்பீலும் இல்ல. செல்லும்."

"நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து நின்னா?"

"வர்றவ அப்பவே வந்திருப்பா" என்றார் வக்கீல்.

வெளியே வந்ததும் சுப்பன் நகலை மடித்து மகளிடம் கொடுத்தார். "கோர்ட்டே கொடுத்திருக்கு. அதுக்கு மேல நாம யாரைப் போய்க் கேக்கிறது?" என்றார்.

அந்த ஆவணி மாதமே கல்யாணம் நடந்தது. ஊர் மாரியம்மன் கோவிலில் தாலி கட்டி, பதிவும் செய்துகொண்டார்கள். வேங்கிக்காலில் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே ஒரு வாடகை வீடு. மழை பெய்தால் தெரு முழுக்கச் சேறு. ஆனாலும் வேதாவுக்கு அந்த வீடு பிடித்திருந்தது. சக்திவேல் அவளைக் கடிந்து பேசியதில்லை. மசக்கையில் அவள் சுருண்டு கிடந்த மாதங்களில் அவனே சமைத்து வைத்துவிட்டு ஆபீஸ் போனான். மகள் எழில் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் எதிரிலும் அழுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேதாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

எழிலுக்கு ஒரு வயது நிறைந்த கொஞ்ச நாளில் கோர்ட் அமீனா வந்தார். சக்திவேல் குளித்துக்கொண்டிருந்தான். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டு நோட்டீஸை வாங்கிப் பார்த்தான். முகம் மாறியது. வேதா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். மனுதாரர் பொன்னி, ஆம்பூர். தனக்குத் தெரியாமலே தனக்கு எதிராகப் பெறப்பட்ட ஒருதலைத் தீர்ப்பை ரத்துசெய்து, வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று மனு.

"இன்னாங்க இது?"

"ஒண்ணும் இல்ல. எவனோ தூண்டி விட்டிருக்கான். நாலு வருஷமா எங்க போனாளாம்? தள்ளுபடி ஆயிடும் பாரு."

"ஆம்பூர்லயா இருக்காங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? இதுல போட்டிருக்கிறதைத்தானே நானும் பாக்கறேன்" என்றான்.

அதற்குப் பிறகு வாய்தாக்கள். அவன் போய்வருவான், அவள் இன்னா ஆச்சு என்று கேட்பாள், வாய்தா என்பான். ஒருமுறை ஜட்ஜ் மாற்றல், ஒருமுறை வக்கீல்கள் வேலைநிறுத்தம். கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே நிறுத்திவிட்டாள். இப்படியே எழில் நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்த வழக்கு வீட்டுக்குள் ஓர் ஓரத்தில், வாடகைக்கு வந்தவன் போல, தன் பாட்டுக்கு இருந்தது.

ஒரு நாள் அவன் கிளம்பும்போது சட்டையை இரண்டு தரம் மாற்றினான். சாட்சி விசாரணை என்று மட்டும் சொன்னான். "நீ வராதே. அங்க வந்து நின்னா உனக்குத்தான் அசிங்கம்" என்றான். அந்தச் சொல்தான் அவளைக் கிளப்பியது. பக்கத்து வீட்டில் எழிலை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் சப் கோர்ட்டுக்குப் போய், கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

வேறொருத்தனோடு ஓடிப்போனவள் என்று இத்தனை நாள் மனத்தில் வைத்திருந்த உருவம் ஒன்று வேதாவுக்கு இருந்தது. பளபளப்பான புடவை, வாய் நிறையப் பேச்சு. அங்கே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த பொன்னி ஒல்லியாக, கன்னம் ஒட்டி, வெளுத்த காட்டன் புடவையில் இருந்தாள். ஷூ கம்பெனியில் வேலை. பசை ஒட்டி ஒட்டி விரல் நுனிகள் கறுத்திருந்தன. சக்திவேல் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பொன்னியின் தரப்பில் ராணியம்மாள் என்ற பெண்மணியைக் கூண்டில் ஏற்றினார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியில் வார்டன். பருத்த உடம்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். பொன்னி தொண்ணூற்றி இரண்டிலிருந்து தன் விடுதியில்தான் இருக்கிறாள், அவள் புருஷன் அங்கே வந்து அவளைப் பார்த்திருக்கிறார் என்றாள்.

சக்திவேலின் வக்கீல் எழுந்தார். "உங்க ஹாஸ்டல்ல நூத்துக்கணக்கான பொண்ணுங்க. பாக்கறதுக்குத் தினம் யார் யாரோ வருவாங்க. என் கட்சிக்காரர் வந்தார்னு எப்படி இவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?"

"அடிச்சாருங்க. அதனால நினைப்பிருக்குது."

"யாரை?"

"பொன்னியைத்தான். பார்வையாளருங்க ஹால்ல, அத்தினி பொண்ணுங்க எதிர்ல. செத்துப் பொறந்த புள்ளைக்கு நீதான் காரணம்னு சொல்லி அடிச்சாரு. நான்தான் நடுவுல பூந்து கேட்டுக்கு வெளிய தள்ளினேன். அதுக்கு முன்னயும் ஒரு தரம் வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்காரு."

"எந்த வருஷம்?"

"தொண்ணூத்தி மூணு. தீபாவளிக்கு போனஸ் போடல, பொண்ணுங்க எல்லாம் ஸ்ட்ரைக்ல இருந்தாங்க. அந்தச் சமயம்."

பொன்னியின் வக்கீல் உடனே எழுந்து, சக்திவேல் விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்தது அந்தத் தீபாவளி முடிந்து தை மாதத்தில் என்பதையும், எதிர்மனுதாரரான பொன்னி இருக்குமிடம் தெரியவில்லை என்று அவன் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்ததையும் ஜட்ஜுக்குப் படித்துக் காட்டினார். படித்துக்கொண்டே போனவர், எதிர்மனுதாரர் பல ஆண்களோடு தகாத வாழ்க்கை நடத்துபவர் என்ற வரியையும் படித்தார். கோர்ட்டில் இருந்தவர்கள் பொன்னியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பெஞ்சில் இன்னும் குறுகிக்கொண்டாள்.

வேதா சக்திவேலைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தோரணையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பால்காரரிடம் பொய் சொல்லும்போதும் அப்படித்தான் நிற்பான்.

அன்று சாயந்திரம் அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"நான் வந்திருந்தேன். பின்னால நின்னுகினு இருந்தேன்."

அவன் சட்டைப் பித்தானில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதுக்கு இன்னா இப்போ? தெரியும்னு சொல்லியிருந்தா வந்து நின்னிருப்பா. பத்து வருஷம் இழுத்திருப்பா. அப்போ நீ எனக்குக் கெடச்சிருப்பியா? இந்தக் கொழந்தை இருந்திருக்குமா? யாருக்காகச் செஞ்சேன்னு யோசிச்சுப் பாரு."

தொண்ணூற்றி நாலில் வேதா என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரையில் வந்தது. எழில் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான். பொய்யிலே தனக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டுப் போகிறான் என்று வேதாவுக்குத் தோன்றியது.

இரண்டாயிரத்தில் உத்தரவு வந்தது. உண்மையை மறைத்து நீதிமன்றத்தை ஏமாற்றிப் பெற்ற தீர்ப்பு என்று சொல்லி, ஜட்ஜ் தொண்ணூற்றி நாலு தீர்ப்பை ரத்துசெய்தார். விவாகரத்து வழக்கு பழைய எண்ணிலேயே மறுபடி உயிர் பெற்றது. சக்திவேல் மேல்முறையீட்டுக்கு ஓடினான். வேதா தன் அப்பாவோடு கோதண்டராமனிடம் போனாள்.

வக்கீலுக்கு அவர்களைப் பார்த்ததும் முகம் வாடியது. உட்காரச் சொன்னார். தானாகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் செல்லும்னு சொன்னேன். அன்னிக்கு அது செல்லுந்தான்."

"இப்போ?" என்றாள் வேதா.

"தீர்ப்பை ரத்து பண்ணிட்டாங்கன்னா, அது இருந்ததே இல்லன்னு அர்த்தம்மா. அப்போ அவருக்கும் பொன்னிக்கும் விவாகரத்தே ஆகலை. உன் கழுத்துல தாலி கட்டுன அன்னிக்கு அவருக்குப் பொண்டாட்டி உயிரோட இருக்கா. அதனால உன் கல்யாணம்…" அவர் சொல்லத் தயங்கி மேசையைப் பார்த்தார். "சட்டப்படி நிக்காது."

"நாங்க ஒண்ணும் தப்பு செய்யலையே சார். காயிதத்தைக் கொண்டாந்து உங்ககிட்டத்தானே காட்டினோம்?"

"நீங்க செய்யலம்மா. ஆனா அது கணக்குல வராது. கொழந்தைக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதே. கொழந்தையைச் சட்டம் ஏத்துக்கும்."

"கொழந்தையை ஏத்துக்கும், பெத்தவளை ஏத்துக்காதா?"

சுப்பன் மகளைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ரோட்டில் பௌர்ணமிக் கூட்டம், பஸ் நிலையத்திலிருந்து மலை சுற்றப் போய்க்கொண்டே இருந்தது.

மறு வருஷம் மேல்முறையீடும் தள்ளுபடியானது. இனிமேல் பொன்னியே மனசு வைத்து விவாகரத்துக்குச் சம்மதித்தால்தான் வழி. அது கிடைத்துவிட்டால் திரும்ப ஒருமுறை முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று வேதா நினைத்தாள். பொய்க்காரன்தான். ஆனால் நாலு பேர் எதிரில் கழுத்தை நீட்டி ஒரு குடும்பமாக வாழ்ந்தாயிற்று. எழில் எல்.கே.ஜி. போக ஆரம்பித்துவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூர் போய் அங்கிருந்து பஸ் மாறி ஆம்பூர் போனாள்.

விடுதியின் பார்வையாளர் ஹாலில்தான் பொன்னி அவளை உட்கார வைத்தாள். நீளமான பெஞ்சுகள், சுவரில் ஒரு கடிகாரம். இங்கேதான் அடித்திருக்கிறான் என்று வேதா நினைத்தாள். எந்த இடம் என்று கண் தானாகத் தேடியது.

"உன்னை அன்னிக்கு கோர்ட்ல பாத்தேன். நீதான்னு தெரிஞ்சிது" என்றாள் பொன்னி. குரலில் கோபம் இல்லை.

"நான் தெரிஞ்சு வரலீங்க. தீர்ப்பைக் காட்டினாரு. நம்பிட்டோம்."

"நம்பாம இன்னா பண்ணுவே. கோர்ட்டே நம்புச்சே."

எப்படிக் கேட்பதென்று பஸ் முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் வேதாவுக்கு மறந்துபோயிற்று. "நீங்க அவரை விட்டுக் கொடுத்தீங்கன்னா…" என்று இழுத்தாள்.

"விட்டுக் குடுக்க எங்கிட்ட அவன் எங்க இருக்கான்? அந்த ஆளோட வாழணும்னா நான் கேஸ் போட்டேன்? எங்க ஊர்லருந்து ஒருத்தன் கோர்ட்ல வேலைக்குச் சேர்ந்தான். அவன் அந்தத் தீர்ப்பைப் படிச்சிட்டு வந்து ஊர் பூரா சொன்னான். பல ஆம்பளைங்களோட இருக்கறவள்னு என்னைப் பத்தி கோர்ட்ல எழுதி, முத்திரை குத்தி வெச்சிருக்கு. எங்க அண்ணன் வூட்டு வாசப்படி ஏற விடல. எங்கம்மா சாவுக்குக்கூட தெருவுல நின்னு அழுதுட்டு வந்தேன். அந்த எழுத்தை அழிக்கத்தான் போட்டேன்."

"அழிச்சிட்டாங்களே இப்போ."

"தீர்ப்பை அழிச்சாங்க. அவன் சொன்னது அப்படியேதான் இருக்குது. அதே கேஸ்தானே திரும்ப நடக்குது?" பொன்னி கறுத்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நீ போய் அவன்கிட்ட சொல்லு. கூண்டுல ஏறி, நான் பொன்னியைப் பத்தி எழுதினது பொய்னு அவன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கே விவாகரத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறேன். எனக்கு அவன்கிட்ட வேற ஒண்ணும் வேணாம்."

நியாயம்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது வேதாவுக்கு ஏதோ பாரம் இறங்கியது போலக்கூட இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் மூன்று பேருக்கும் விடிவு.

சக்திவேல் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"பொய்னு சொல்லணுமா? சத்தியம் பண்ணி எழுதினது பொய்னு கூண்டுல நின்னு சொன்னா, என்னைத் தூக்கி உள்ள வெப்பாங்க. வேலை போயிடும். உனக்கு அறிவு இருக்கா? யாரைக் கேட்டு அங்க போனே?"

அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேச விடவில்லை. ஆனால் விஷயம் அவன் கையை விட்டுப் போயிருந்தது. ஆபீசுக்கு யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருந்தார்கள். விவாகரத்து ரத்தாகிவிட்டது, இவருக்கு இரண்டு மனைவி என்று. அரசு ஊழியன் மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்யக்கூடாது. விசாரணைக்கு ஓர் அதிகாரியைப் போட்டார்கள். சக்திவேல் இளைத்துப்போனான். வக்கீலைப் பார்க்கப் போய் வந்த ஒரு மாலையில் அவனே வேதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு அவள் கையைப் பிடித்தான்.

"உன்னையும் கூப்பிடுவாங்க. ஒரே ஒரு தடவை நான் சொல்றதைச் சொல்லிடு. தூரத்து சொந்தம், போக்கிடம் இல்லாம இங்க தங்கியிருக்கேன்னு சொல்லு."

"தாலி கட்டினது?"

"அதான் கோர்ட்டே சொல்லிடுச்சே. சட்டப்படி நமக்குக் கல்யாணமே ஆகலை. ஆகாத கல்யாணத்தை ஆகலைன்னு சொல்றதுல பொய் எங்க இருக்கு?"

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. வேலை போனால் சாப்பாடு போகும் என்பது அவளுக்கும் தெரியும். வீட்டுக்குள் தாங்கள் யார் என்பது தங்களுக்குத் தெரிந்தால் போதாதா, எவனோ ஒரு அதிகாரிக்கு என்ன சொன்னால் என்ன என்றும் நினைத்தாள். சரி என்றாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தூரத்துச் சொந்தம். தூரத்துச் சொந்தம்.

விசாரணை அதிகாரி வயதானவர், பொறுமையானவர். தாலி வெளியே தெரியாமல் இருக்க வேதா புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, "உங்களைப் பத்தி சக்திவேல் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கார். படிக்கிறேன். சரின்னா சரின்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

படித்தார். மேற்படி பெண் எனக்குத் தூரத்து உறவு. ஆதரவற்றவர் என்பதால் மனிதாபிமானத்தில் தங்க இடம் கொடுத்துள்ளேன். எனக்கும் அவருக்கும் திருமணம் எதுவும் நடக்கவில்லை. அவருடைய நடத்தை சரியில்லாததால் அவர் வீட்டார் அவரைக் கைவிட்டு விட்டனர். அவருடன் உள்ள பெண் குழந்தை, அவர் இங்கு வரும்போதே அவர் வயிற்றில் இருந்தது. அதன் தகப்பன் யார் என்று எனக்குத் தெரியாது.

வேதாவுக்கு முதலில் அது தன்னைப் பற்றி என்றே உறைக்கவில்லை. யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறது, பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு பொன்னி பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தது கண்ணெதிரே வந்து நின்றது.

"சரிதானாம்மா?"

"கடைசியில சொன்னதைத் திருப்பிப் படிங்க சார்."

அவர் திருப்பிப் படித்தார்.

வேதா தலைப்பை எடுத்தாள். "எங்க ஊரு மாரியம்மன் கோவில்ல இந்தத் தாலியை அவருதான் கட்டினாரு. எங்க நைனா இருந்தாரு, ஊரே இருந்தது. பதிவு ஆபீஸ்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அது அவரு கொழந்தை. எழுதிக்குங்க" என்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சக்திவேலின் வேலை போயிற்று. அவன் வேதாவை அடிக்கவில்லை. ஒரு சொல்கூடத் திட்டவில்லை. துணிமணிகளை ஒரு பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு, போளூர்ப் பக்கத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது எழிலைத் தூக்கவில்லை. குழந்தை கேட் வரை ஓடி, அவன் திரும்பிப் பார்க்காததால் அங்கேயே நின்றுவிட்டாள். பழைய விவாகரத்து வழக்கை அவன் நடத்தவும் இல்லை. கோர்ட் டவாலி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், அவன் வரவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. பொன்னி கேட்ட அந்த ஒரு வார்த்தை அவளுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. வேண்டாம் என்றவள் சட்டப்படி அவனுக்கு மனைவியாகவே இருந்துபோனாள்.

வேதா மறுபடி செங்கம் ரோட்டில் வேலைக்குப் போனாள். செல்போன் வந்து எஸ்.டி.டி. பூத்தெல்லாம் மூடத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைதான் கிடைத்தது. உடம்பு நோகும் வேலை. அது பரவாயில்லை. எழிலின் பள்ளிக்கூடத்தில் சில பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவளோடு உட்கார விடாததுதான் தாங்கவில்லை. வாக்குமூலத்தில் அவன் எழுதியது எப்படியோ ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது.

அவள் கோதண்டராமனிடம் போய் நின்றாள்.

"ஒரு வழி இருக்கும்மா. சொல்ல எனக்கே சங்கடமா இருக்கு" என்றார் அவர். "நீயே ஒரு மனு போடணும். இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லி."

"நானா? செல்லாதுன்னு நானே கேக்கணுமா?"

"செல்லாதுன்னு சொல்லணும்னா, கோர்ட் முதல்ல அது நடந்துச்சுன்னு சொல்லியாகணும். எந்த ஊர்ல, யார் யாருக்கு, எந்தத் தேதியில. அதுல பொறந்தது எழில்னு எழுதியாகணும். அப்புறம்தான் செல்லாதுன்னு எழுத முடியும். அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துக்கு வேற மாத்து எனக்குத் தெரியல."

வேதா யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பத்து நாள் கழித்துப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

சம்மன் கொண்டுபோன நாளன்று அவளும் அமீனா கூடவே பஸ் ஏறினாள். "நீங்க வரத் தேவையில்லம்மா. ஆள் இல்லன்னா கதவுல ஒட்டிட்டு வந்துடுவேன்" என்றார் அவர்.

"ஒட்ட வேணாங்க. அவரு கையில வாங்கறதை நான் பாக்கணும்."

சக்திவேலின் அம்மா வாசலிலேயே மறித்தாள். மகன் வெளியூர் போயிருக்கிறான், எப்போது வருவான் என்று தெரியாது என்றாள். அமீனா வேதாவைப் பார்த்தார்.

"உள்ளதான் இருக்காரு. அவரு செருப்பு இது" என்றாள் வேதா. வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டாள். அமீனாவும் நின்றார். வெயில் ஏறியது. தெருவில் ஆட்கள் கூடி வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் அவன் வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையெழுத்துப் போட்டு சம்மனை வாங்கினான்.

"உனக்கு இன்னாதான் வேணும்?"

"எனக்குத் தெரியவே தெரியாதுன்னு நாளைக்கு நீங்க சொல்லக் கூடாது. அவ்ளோதான்" என்றாள் வேதா. எழில் எப்படி இருக்கிறாள் என்று கேட்பானோ என்று அவள் ஒரு நிமிஷம் நின்றாள். அவன் கேட்கவில்லை.

வழக்குக்கும் அவன் வரவில்லை. டவாலி வராந்தாவில் நின்று அவன் பெயரை மூன்று தரம் கூவினார். வேதா கூண்டில் ஏறினாள். இந்த ஜட்ஜ் ஓர் இளம் பெண். கல்யாணம் நடந்த ஊர், தேதி, குழந்தை பிறந்த விவரம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு அறிவிக்கணும்னு கேக்கறீங்க. அப்படித்தானே?"

"நான் செஞ்ச கல்யாணம் நெஜந்தானுங்க அம்மா. பொய் சொன்னது அவரு. கோர்ட்டு குடுத்த காயிதத்தை நம்பித்தான் எங்க நைனா…"

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா அதையெல்லாம் நான் இதுல எழுத முடியாது. செல்லாதுன்னு அறிவிக்கணுமா, வேணாமா?"

டைப் அடிப்பவர் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"அறிவிக்கணுங்க" என்றாள் வேதா.

வெளியே சுப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காது மந்தமாகி விட்டதால் உள்ளே நடந்தது எதுவும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

"இன்னா சொன்னாங்க?"

"செல்லாதுன்னு எழுதப் போறாங்க நைனா."

"நாமதானே கேட்டோம்?"

"நாமதான் கேட்டோம்."

அவர் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வேதா குனிந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி விட்டாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.